தினமும் நடந்தும் எடை இறங்கவில்லை என்றால் எதை மாற்றுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை, எடை 70 கிலோ. நான்கு மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறீர்கள். முதலில் கொஞ்சம் எடை இறங்கியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மாடி ஏறினால் தொடை கனக்கிறது. ஜிம்முக்குப் போக வழியில்லை. நடையை இரண்டு மடங்காக்கலாமா, இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். நடை இப்போது இருக்கிற அளவே போதும். உங்களுக்கு இல்லாதது தசைக்கான பயிற்சி, அதற்கு ஈடுகொடுக்கும் அளவு புரதம். இந்த இரண்டும் இல்லாமல் சாப்பாட்டை மட்டும் வெட்டினால் எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் அப்படி இறங்குவதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தசையும் போய்விடக்கூடும். தொடை இன்னும் பலவீனமாகும், சாப்பாடு பழைய அளவுக்குத் திரும்பியதும் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும்.

எடை ஏன் நின்றது என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவழிக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் நடந்தால் சுமார் 180 கலோரி. நடக்காமல் இருந்தாலும் அந்த நேரத்தில் 50 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 130 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. நடந்துவிட்டு வந்த பசியில் கைக்கு வரும் ஒரு பிடி வேர்க்கடலை, சுமார் 30 கிராம், 170 கலோரி. இன்னொன்றும் நடக்கும்: காலையில் நன்றாக நடந்தவர்கள் மற்ற நேரங்களில் தம்மை அறியாமலேயே குறைவாக அசைகிறார்கள். எழுந்துபோய் எடுக்க வேண்டியதைப் பிறரிடம் கேட்டு வாங்குவார்கள், லிஃப்டில் ஏறுவார்கள். எடை கொஞ்சம் குறைந்த உடலுக்கு அதே நடைக்கான செலவும் குறைகிறது. எல்லாம் சேர்ந்து வரவும் செலவும் சமமாகிவிட்டன.

இதற்காக நடை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இதயம், ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குச் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. நீங்கள் 315 நிமிடம் நடக்கிறீர்கள், அந்தப் பங்கு நிறைவாகவே இருக்கிறது. அதே வழிகாட்டலில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் இன்னொரு வரி உண்டு: வாரத்தில் குறைந்தது 2 நாள், உடலின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி. நீங்கள் விட்டது அதைத்தான். பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்ற கவலையையும் விடுங்கள். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவியின் விளம்பரத்தோடு பரவியது, எந்த மருத்துவ ஆய்வின் முடிவும் அல்ல.

நடையில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். 45 நிமிடத்தை ஒரே மூச்சில் நடப்பதற்குப் பதில் காலையில் 25 நிமிடம், மதியமும் இரவும் சாப்பிட்டபின் 10 நிமிடம் என்று பிரியுங்கள். சாப்பிட்டதும் கால் தசை வேலை செய்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும், ஏற்றம் மட்டுப்படும். காலை நடையின் வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

இனி தசைப் பயிற்சி. வாரத்தில் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், தடவைக்கு 30 முதல் 40 நிமிடம் போதும். தேவை கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று, முதுகில் மாட்டும் பை ஒன்று, அதில் போட சில தண்ணீர் பாட்டில்கள். 1 லிட்டர் பாட்டில் 1 கிலோ, எடையைத் தனியாக நிறுக்கவே வேண்டாம். முதல் 5 நிமிடம் நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்சி, இடுப்பு சுழற்சி என்று உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சி ஸ்குவாட். உங்கள் தொடைக் கனத்துக்கு மருந்து இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாற்காலிக்கு முன்னால், பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்றே வெளிப்பக்கம் பார்த்தபடி நில்லுங்கள். முழங்காலை முதலில் மடக்காதீர்கள், இடுப்பைப் பின்னால் தள்ளுவதுதான் தொடக்கம். மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்குங்கள். பிட்டம் நாற்காலியைத் தொட வேண்டும், அதில் விழக்கூடாது. தொட்டவுடன் முழுப் பாதத்தாலும் தரையை அழுத்தி, மூச்சை விட்டபடி எழுங்கள். இறங்கும்போது மூச்சு உள்ளே, எழும்போது வெளியே.

இதில் வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். கடைசி ஒரு சாண் தூரத்தைத் தொப்பென்று விழுந்து கடப்பது ஒன்று. தசைக்குக் கடினமான பகுதியே அதுதான், அதைத் தவிர்த்தால் பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும். கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரங்கள் போகப்போக எடுத்துவிடலாம். இரண்டாவது, எழும்போது முழங்கால்கள் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே சாய்வது. பிட்டத் தசை வேலை செய்யாததன் அடையாளம் இது. முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், ஒரு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் உடனே தெரியும். மூன்றாவது, குதிகால் தரையை விட்டு எழும்புவது. கணுக்கால் இறுகியிருப்பவர்களுக்கு வரும். இறங்கும் ஆழத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைத் தினமும் இழுத்துவிட்டால் சில வாரத்தில் சரியாகும். முழங்கால் விரல்நுனியைத் தாண்டவே கூடாது என்று சொல்வார்கள். அப்படி ஒரு விதி தேவையில்லை. உயரமானவர்களுக்குக் கொஞ்சம் தாண்டும், குதிகால் தரையில் இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தள்ளும் பயிற்சி, புஷ் அப். தரையில் ஆரம்பித்து இரண்டு எடுப்பதற்குள் இடுப்பு தொங்கி, கழுத்து மட்டும் மேலும் கீழும் ஆடும் காட்சிதான் பல வீடுகளிலும் நடக்கிறது. சுவரில் தொடங்குங்கள். 12 எளிதானால் சமையல் மேடை உயரத்துக்கு, பிறகு நகராத கட்டில் விளிம்புக்கு, கடைசியில் தரைக்கு. முழங்காலை ஊன்றிச் செய்வதைவிட இப்படி உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவது மேல், ஏனென்றால் தலையிலிருந்து குதிகால் வரை உடல் ஒரே நேர்கோட்டில் இருக்கும் பழக்கம் முதல் நாளே வந்துவிடும். முழங்கையை உடலிலிருந்து பாதிச் செங்கோண அளவுக்கு விரித்தால் போதும். தோளுக்கு நேராக அகட்டினால் தோள் மூட்டின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

இழுக்கும் பயிற்சிதான் வீட்டில் எல்லோரும் விட்டுவிடுவது. நாளெல்லாம் கூன் போட்டு உட்காருபவருக்கு இதுவே மிகவும் தேவை. இடது கையை நாற்காலியில் ஊன்றி, முதுகைச் சமமாக்கிக் குனியுங்கள். 4 அல்லது 5 கிலோ பையை வலது கையில் தொங்கவிட்டு, இடுப்பை நோக்கி இழுங்கள். மார்பை நோக்கி இழுத்தால் வேலை கழுத்துத் தசைக்குப் போய்விடும். முழங்கை பின்னால் போக வேண்டும், உடம்பு திரும்பக்கூடாது. பிறகு கை மாற்றுங்கள்.

நான்காவது இடுப்பை மடக்கும் பயிற்சி. சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னால் கொண்டுபோய் நிமிருங்கள். தொடையின் பின்பக்கம் இழுபட்டால் சரி. கீழ்முதுகு இழுபட்டால் இடுப்புக்குப் பதில் முதுகெலும்பை வளைக்கிறீர்கள். தரையில் இருந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதும் பல நேரம் இந்தப் பழக்கம் இல்லாததால்தான். கடைசியாகப் பிளாங்க், அதாவது முன்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி, உடலை நேர்கோட்டில் அசையாமல் நிறுத்துவது, 20 முதல் 30 விநாடி, மூன்று தடவை. மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்கி, இடுப்பு தொங்காமல் 30 விநாடி நின்றால் போதும். மூன்று நிமிடம் நிற்பதால் தனியாக எந்தப் பலனும் இல்லை.

ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட். முதல் இரண்டு வாரம் பிளாங்க் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் 2 செட், பிறகு 3 செட். செட்டுக்கு 8 முதல் 12 தடவை, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. எப்போது நிறுத்துவது என்பதற்கு நல்ல அளவுகோல்: இன்னும் இரண்டு எடுக்கலாம், மூன்றாவது முடியாது என்று தோன்றும் இடம். 12 முடிந்தபின் இன்னும் 10 எடுக்கலாம் போலிருந்தால் தசைக்கு வளர வேண்டிய காரணமே இல்லை. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த தடவை பையில் 1 கிலோ கூட்டுங்கள். எண்ணிக்கை 8 அல்லது 9க்கு இறங்கும், மறுபடி 12க்கு ஏற்றுங்கள். வீட்டுப் பயிற்சி தோற்பதற்கு முதல் காரணம் இந்த ஏற்றம் இல்லாததுதான். ஆறு மாதமாக அதே 15 ஸ்குவாட், அதே 10 புஷ் அப் என்று ஓட்டுபவருக்கு மூன்றாவது மாதத்தோடு முன்னேற்றம் நின்றிருக்கும். ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள்.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தெரியும், தசை பெருத்தது தெரியாது. ஏற்கெனவே இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக இயக்கக் கற்பதால் வரும் பலம் அது. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை முழுக்கப் பரவலாக வலித்தால் அது இயல்பு, மூன்று நாளில் போகும், மெல்ல நடந்தால் குறையும். மூட்டில் ஒரே புள்ளியில் சுரீரென்று வலி, வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை வேறு வகை. அந்தப் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ காட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது குறை வராமல் இருக்க வைத்த அளவு. எடையைக் குறைத்தபடி தசையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும். 70 கிலோவுக்குக் குறைந்தது 84 கிராம். இதை ஒரே வேளையில் திணிக்காமல், வேளைக்கு 25 முதல் 30 கிராம் என்று பிரிப்பது நல்லது. ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு ஓட்டை இருப்பது காலையில்தான் என்று தெரியும்: மாவுச்சத்து தட்டு நிறைய, புரதம் 8 கிராம்கூடத் தேறாது. அதனால் பதினோரு மணிக்கே பசி, கைக்குக் கிடைத்த நொறுக்குத் தீனி.

எது எவ்வளவு தரும்? ஒரு முட்டை 6 கிராம். 200 மில்லி பால் 6 அல்லது 7. 30 கிராம் வேர்க்கடலை 7. வெந்த பருப்பு 100 கிராமுக்கு 9. தயிர் 100 கிராமுக்கு மூன்றரை. சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமுக்கு 22 முதல் 30. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமுக்கு 25. காலையில் 2 முட்டை, ஒரு கிளாஸ் பால், ஒரு பிடி கடலை என்றால் 25 வந்துவிட்டது. மதியம் ஒரு பெரிய கிண்ணம் பருப்பும் அதே அளவு தயிரும் சேர்ந்து 25. இரவு மீனோ கோழியோ சோயாவோ இன்னொரு 25. மீதி தானியத்திலிருந்து வந்துவிடும். சைவம் மட்டும் என்றால் முட்டைக்குப் பதில் முந்தின இரவு ஊறவைத்த பயறும் பாலாடைக்கட்டியும் வையுங்கள், தானியமும் பருப்பும் இரண்டுமே நாளில் இடம்பெறட்டும். ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தின் அடிப்படைக் கூறை, மற்றது ஈடுகட்டும், ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே பலர் வழுக்கிவிழும் கணக்கு ஒன்று இருக்கிறது. பருப்புப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கும். அது வேகாத பருப்புக்கு. வெந்ததும் தண்ணீர் குடித்து எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும், அதனால் வெந்த 100 கிராமில் 9தான். நீர்க்கக் கரைத்த குழம்பில் அதிலும் பாதிகூட இருக்காது. கரண்டியில் விழுவது பருப்பா, தண்ணீரா என்று பாருங்கள்.

குறைப்பது எங்கே என்றால், முதலில் எண்ணெய். வீட்டில் மூன்று பேர், மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, அதாவது சுமார் 275 கலோரி எண்ணெயில் மட்டும். 2 லிட்டருக்கு இறக்கினால் ஆளுக்கு 90 கலோரி குறையும், தட்டில் ஒரு பிடியும் குறையாது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றினாலே இது நடக்கும். அடுத்தது குடிக்கும் சர்க்கரை. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 32 கிராம், 130 கலோரி. அரை அரைத் தேக்கரண்டியாக வாரத்துக்கு ஒருமுறை குறைத்தால் நாக்கு பழகிவிடும். நாளுக்கு 300 முதல் 400 கலோரி குறைந்தால் போதும், மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ இறங்கும். அதைவிட வேகம் எனக்கு உடன்பாடு இல்லை. தூக்கம் கெடும், பயிற்சியில் பலம் இறங்கும், தசை போகும்.

இரவுச் சாப்பாட்டை விட்டால் கலோரி குறையும் என்பது சரிதான், ஆனால் 25 கிராம் புரதமும் சேர்ந்து போகும். பட்டினியோடு படுத்து மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. இரவில் தானியத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியை வையுங்கள். காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது தேவை, நார்ச்சத்து 25 கிராமுக்குக் குறையக்கூடாது. இதுவரை அந்தப் பழக்கம் இல்லாதவர் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் பொட்டலத் தீனியும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

புரதப் பொடி, மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். புரதப் பொடி பால், சோயா போன்றவற்றிலிருந்து பிரித்த உணவுதான், சாப்பாட்டில் அளவு வந்துவிட்டால் தேவையில்லை. கொழுப்பை எரிக்கும் என்று விற்பவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அளப்பது எப்படி? பயிற்சி தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் எடை முக்கால் கிலோ ஏறக்கூடும். உழைத்த தசை தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அதில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. இதைத் தெரியாமல் பயிற்சியே ஒத்துவரவில்லை என்று விட்டவர்கள் ஏராளம், அது மனதுக்கு வருத்தமான விஷயம். தினமும் காலைக்கடன் முடிந்தபின் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது இலக்கு, 165 செ.மீ. உயரத்துக்கு 82 செ.மீ. எடை அசையாமல் சுற்றளவு இறங்கினால் கொழுப்பு போகிறது என்று அர்த்தம். மூன்றாவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழ முடிகிறது என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். மாடிப்படியில் தொடை கனப்பது குறையுமா என்பதற்கு இந்த எண்ணே நேரடிப் பதில்.

தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும், பை கனமாகத் தெரியும். சாப்பாட்டுக் கணக்கைச் சரிசெய்யும் முன் தூக்கத்தைச் சரிசெய்வது பல பேருக்கு எளிதாகவும் இருக்கும்.

சிலர் மட்டும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வருபவர்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இவர்கள் மூச்சை அடக்கி எடை தூக்கவே கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். முதல் வாரம் காலை உணவில் புரதமும் இரண்டு நாள் பயிற்சியும் மட்டும். எண்ணெயும் சர்க்கரையும் மூன்றாவது வாரத்தில். நடுவில் காய்ச்சல் வந்தால் பயிற்சி வேண்டாம். பயணம், வேலை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் பலம் பெரிதாகப் போய்விடாது. பையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 2 செட்டில் ஒரு வாரம் செய்துவிட்டு, நோட்டில் நின்ற இடத்திலிருந்து தொடருங்கள்.